போரும் பேச்சுவார்த்தையும் உள்நாட்டுக் கணக்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அமெரிக்கா கோபமாக இருக்கிறது", "ஈரான் இறங்கி வருகிறது" என்று நாடுகளை ஒற்றை ஆட்களைப் போலவே பேசிப் பழகிவிட்டோம். நாடு எதையும் முடிவு செய்வதில்லை. பதவியில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள், அந்தப் பதவியில் நீடிப்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான். கீழே உள்ள பதில்கள் இந்த இடத்திலிருந்து தொடங்குகின்றன.

பணநெருக்கடி ஒரு போரையே நிறுத்திவிடுமா?

நிறுத்தியிருக்கிறது. 1956 ஜூலையில் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமை ஆக்கினார். அக்டோபர் கடைசியில் இஸ்ரேலும், அதனோடு ரகசியமாகப் பேசிவைத்திருந்த பிரிட்டனும் பிரான்ஸும் எகிப்தைத் தாக்கின. களத்தில் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. ஆட்டம் கண்டது லண்டன் கருவூலம். சந்தையில் பவுண்டை விற்றுத் தள்ளினார்கள், அதன் மதிப்பைத் தாங்கிப் பிடிக்கப் போய் டாலர் கையிருப்பு கரைந்தது. சர்வதேச நாணய நிதியத்திடம் போகலாம் என்றால் அமெரிக்காவின் தயவு வேண்டும். சண்டையை நிறுத்தினால்தான் உதவி என்று ஐசனோவர் அரசு சொல்லிவிட்டது. போரை உரக்க ஆதரித்த நிதியமைச்சர் ஹரால்ட் மேக்மில்லனே இப்போது நிறுத்தச் சொன்னார். நவம்பர் 6 நள்ளிரவில் சண்டை நின்றது. 1957 ஜனவரியில் பிரதமர் ஈடன் பதவி விலகினார். அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் மேக்மில்லன் (அரசியலில் இதற்கெல்லாம் ஆச்சரியப்படக் கூடாது).

பிரான்ஸ் தாக்குதலுக்கு முன்பே அதே நிதியத்திடம் கடன் வசதி ஏற்பாடு செய்துகொண்டதால் அதற்கு இந்த மூச்சுத் திணறல் இல்லை. ஒரே போர், ஒரே வல்லரசின் கோபம். ஆனால் வலி விழுந்த இடம் வேறு. பிரிட்டனில் அது முடிவெடுக்கும் மேசையிலேயே, சில நாட்களுக்குள் விழுந்தது. அதனால்தான் பலித்தது. இத்தனை வசதியாக எல்லாம் கூடிவருவது அபூர்வம்.

பொருளாதாரத் தடைகள் பொதுவாகப் பலிக்குமா?

எவ்வளவு வலிக்கிறது என்பதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வலி யாருக்கு, அவர்களிடம் ஆட்சியாளர் காது கொடுத்தாக வேண்டிய கட்டாயம் உண்டா என்று பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவையும் இராக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு பல ஆண்டுகள் கண்டனத் தீர்மானங்களைத் தாங்கிக்கொண்டது. 1985-ல் அங்கே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட பிறகு, அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி குறுகிய காலக் கடன்களைப் புதுப்பிக்க மறுத்தது. மற்ற வங்கிகளும் பின்வாங்கின. நாட்டு நாணயமான ராண்ட் சரிந்தது, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதையே அரசு கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டின் பெருமுதலாளிகள் சிலர் ஜாம்பியாவுக்குப் போய், தடைசெய்யப்பட்டிருந்த ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் தலைவர்களைச் சந்தித்தார்கள். 1986-ல் அமெரிக்க நாடாளுமன்றம், ரீகனின் மறுப்பாணையையும் மீறித் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1990-ல் மண்டேலா விடுதலையானார். 1992 மார்ச்சில் வெள்ளையர்கள் மட்டும் கலந்துகொண்ட வாக்கெடுப்பில் 68.7 சதவீதம் பேர் சீர்திருத்தப் பேச்சுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். உள்நாட்டுப் போராட்டமும் பனிப்போரின் முடிவும் இல்லாமல் தடைகள் மட்டும் இதைச் செய்திருக்காது. ஆனால் தடையின் வலியை உணர்ந்த வெள்ளைத் தொழிலதிபரும் வெள்ளை வாக்காளரும்தான் அந்த அரசைத் தாங்கி நின்றவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இராக்கில் நேர்மாறு. குவைத்தை ஆக்கிரமித்த சில நாட்களில், 1990 ஆகஸ்டில், ஐ.நா. பாதுகாப்பு அவை ஏறக்குறைய முழுத் தடை விதித்தது. அது 2003 வரை நீடித்தது. சாதாரண மக்கள் நொந்துபோனார்கள். நடுத்தர வர்க்கம் வீட்டுப் பொருட்களை விற்றுச் சாப்பிட்டது. உணவுப் பங்கீடு அரசின் கையில் இருந்ததால் மக்கள் சதாமை முன்பைவிட அதிகமாகச் சார்ந்திருக்க வேண்டியதாயிற்று. கள்ளக்கடத்தல் லாபம் ஆட்சியின் நெருங்கிய வட்டத்துக்குப் போனது. ஆயுதத் திட்டங்களை முடக்குவதில் தடைகளுக்குப் பங்கு உண்டுதான். 2003-க்குப் பிறகு தேடியவர்களுக்குப் பேரழிவு ஆயுதக் கிடங்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஆட்சியை அசைக்க அந்தத் தடைகளால் முடியவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் முழு நாட்டையும் பட்டினி போடாமல் குறிப்பிட்ட ஆட்களின் சொத்தையும் பயணத்தையும் முடக்கும் தடைகள் அதிகமாயின.

சர்வாதிகாரிகளுக்கு உள்நாட்டு அரசியல் என்று ஒன்று உண்டா?

உண்டு. வாக்காளர்கள் கோடிக்கணக்கில் இல்லை, தளபதிகள், உளவுத்துறை, சில பணக்காரக் குடும்பங்கள் என்று சில நூறு பேர் இருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஜனநாயகத் தலைவர் தோற்றால் எதிர்க்கட்சி வரிசையில் உட்காருவார். சர்வாதிகாரி தோற்றால் சிறை அல்லது அதைவிட மோசம். அந்தப் பயம் அவரைச் சில நேரம் அதிகப் பிடிவாதக்காரர் ஆக்குகிறது.

தடை, போருக்கு மாற்றுவழிதானே? அது போரைத் தூண்டவும் கூடுமா?

கூடும். 1941 ஜூலையில் ஜப்பான் தெற்கு இந்தோசீனாவுக்குள் படைகளை அனுப்பியதும் அமெரிக்கா ஜப்பானியச் சொத்துகளை முடக்கியது. நடைமுறையில் எண்ணெய் விற்பனையும் நின்றுபோனது. ஜப்பானுக்குத் தேவையான எண்ணெயில் ஏறத்தாழ 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. கையிருப்பு நாளுக்கு நாள் குறைய, போர் என்றால் இப்போதே, தாமதித்தால் கப்பல்கள் ஓடாது என்று கடற்படையினர் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். தடையை நீக்க அமெரிக்கா கேட்ட விலை, சீனாவிலிருந்து வெளியேறுவது. 1937 முதல் அங்கே ரத்தம் சிந்திய ராணுவத்திடம் போய் அதைச் சொல்ல டோக்கியோவில் ஆளில்லை. சமரசம் தேடிய பிரதமர் கொனோயே அக்டோபரில் விலகினார், ராணுவ அமைச்சர் டோஜோ பிரதமரானார். டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் மீது தாக்குதல்.

இதற்கு முந்தைய படிப்பினை வேறு மாதிரி. 1935-ல் இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தபோது, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் தடை விதித்தது, ஆனால் எண்ணெயை விட்டுவிட்டது. சூயஸ் கால்வாயும் இத்தாலியக் கப்பல்களுக்குத் திறந்தே இருந்தது. படையை நிறுத்தும் அளவுக்கு அது வலிக்கவில்லை, ஆனால் மக்களை முசோலினியின் பின்னால் திரட்டும் அளவுக்கு உறுத்தியது. பெண்கள் தங்கள் திருமண மோதிரங்களைக் கழற்றி அரசுக்குக் கொடுத்த விழாவே நடந்தது. 1936 ஜூலையில் தடைகள் விலக்கப்பட்டன, எத்தியோப்பியா அதற்குள் பறிபோயிருந்தது.

எதிராளி இறங்கிவர ஒரு படிக்கட்டும் இல்லாத அழுத்தம், உறுத்த மட்டுமே செய்கிற அழுத்தம், இரண்டுமே ஆபத்து. நடுவில் எங்கே நிற்பது என்பதற்குச் சூத்திரம் கிடையாது.

உள்நாட்டில் மாட்டிக்கொண்ட தலைவர்கள் கவனத்தைத் திருப்பவே போர் தொடங்குகிறார்களா?

எல்லாரும் உடனே காட்டுவது பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளை. 1982-ல் அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி. பணவீக்கம் ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மார்ச் 30 அன்று புவனோஸ் ஐரிஸில் தொழிலாளர்கள் ஆட்சிக்கு எதிராகத் திரண்டார்கள், அடிதடி நடந்தது. ஏப்ரல் 2 அன்று படைகள் தீவில் இறங்கின, சில நாட்களில் அதே நகரத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்சித் தலைவர் ஜெனரல் கால்டியேரியை வாழ்த்தினார்கள். ஜூன் 14 அன்று அர்ஜென்டினப் படை சரணடைந்தது, அந்த வாரமே அவர் தூக்கியெறியப்பட்டார். 1983-ல் தேர்தல் நடந்து மக்களாட்சி திரும்பியது. மறுபக்கம், 30 லட்சம் பேர் வேலையில்லாமல் இருந்த பிரிட்டனில் செல்வாக்கு இழந்திருந்த தாட்சர், 1983 தேர்தலில் பெரிய வெற்றி பெற்றார்.

கதை கச்சிதமாக இருக்கிறது. அதனாலேயே கொஞ்சம் சந்தேகமும் வேண்டும். தீவைப் பிடிக்கும் திட்டம் அந்த ஆர்ப்பாட்டத்துக்கு முன்பே தயாராகிக்கொண்டிருந்தது. அதோடு, வீட்டில் நெருக்கடி இருந்தும் போர் தொடங்காத தலைவர்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. காசில்லாத அரசு போரைத் தேடுவதைவிடச் செலவைக் குறைக்க வழி தேடுவதுதான் அதிகம் என்பது என் கணிப்பு. அடுத்த கேள்வியில் வரும் இருவர் அதற்குச் சாட்சி.

அப்படியானால் நெருக்கடி சமாதானத்துக்கும் தள்ளுமா?

1977 ஜனவரியில் எகிப்து அரசு, சர்வதேச நாணய நிதியத்தின் வற்புறுத்தலில், உணவு மானியங்களை வெட்டியது. மறுநாளே நகரங்கள் பற்றியெரிந்தன. ராணுவத்தை இறக்கி, வெட்டையும் திரும்பப் பெற்ற பிறகுதான் அடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் எகிப்து அதிபர் சாதாத் ஜெருசலேமுக்கே போய் இஸ்ரேலிய நாடாளுமன்றத்தில் பேசினார். 1978-ல் அமெரிக்காவின் கேம்ப் டேவிடில் உடன்பாடு, 1979 மார்ச்சில் சமாதான உடன்படிக்கை. சினாய் திரும்பக் கிடைத்தது, அமெரிக்க உதவி ஆண்டுதோறும் வந்தது. ஓயாத போர்த் தயாரிப்பைத் தாங்கும் சக்தி எகிப்தின் கஜானாவுக்கு இல்லை என்பதை ரொட்டிக் கலவரம் சாதாத்துக்குக் காட்டியிருந்தது. ஆனால் உள்நாட்டு அரசியல் அங்கேயும் விடவில்லை. 1981 அக்டோபரில் ராணுவ அணிவகுப்பில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உடன்படிக்கை மட்டும் இன்றுவரை நிற்கிறது.

இன்னொருவர் சோவியத் தலைவர் கோர்பச்சேவ். 1985 கடைசியில் பீப்பாய்க்கு 30 டாலரை ஒட்டியிருந்த எண்ணெய் விலை, 1986 நடுவில் 10 டாலரை ஒட்டிச் சரிந்தது. தானியம் வாங்கவே அந்நியச் செலாவணி போதாத நிலையில் ஆயுதப் போட்டியும் ஆப்கானிஸ்தானும் பெரும் சுமை. ஜெர்மனி இணைப்புப் பேச்சில் பணம் வெளிப்படையாகவே பேரம் பேசப்பட்டது. 1990-ல் சோவியத் படைகள் வெளியேறும் செலவுக்கு மேற்கு ஜெர்மனி 1,200 கோடி மார்க்கும், 300 கோடி மார்க் வட்டியில்லாக் கடனும் தர ஒப்புக்கொண்டது.

போர் வந்தால் தலைவரின் செல்வாக்கு உயருமே?

உயரும், தங்காது. 1991 வளைகுடாப் போர் முடிந்தபோது தந்தை புஷ்ஷுக்கு ஆதரவு 89 சதவீதம் என்றது கேலப் கணிப்பு. 1992 நவம்பரில் பொருளாதார மந்தத்தைக் காட்டியே அவரைத் தோற்கடித்தார் கிளின்டன்.

பேச்சுவார்த்தைக்குப் போகிறவருக்கு உள்நாட்டு எதிர்ப்பு பலமா, பலவீனமா?

இரண்டும்தான். பேச்சுவார்த்தையாளர் ஒரே நேரத்தில் இரண்டு மேசைகளில் ஆடுகிறார், ஒன்றில் வெளிநாட்டார், மற்றதில் சொந்த நாட்டார் என்று 1988-ல் விளக்கினார் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னம். "எனக்குச் சம்மதம்தான், எங்கள் நாடாளுமன்றம் ஒத்துக்கொள்ளாதே" என்பது கெட்டிக்காரத்தனமான ஆயுதம். எதிர்த்தரப்பு இன்னும் கொஞ்சம் இறங்கி வரும். ஆனால் உள்ளே எதிர்ப்பு நிஜமாகவே கட்டுக்கடங்காமல் போனால் கையில் எதுவும் மிஞ்சாது. சர்வதேச சங்கம் உருவாக முன்னின்ற அமெரிக்க அதிபர் வில்சனின் சொந்த நாட்டு செனட், 1919-லும் 1920-லும் அந்தச் சங்கத்தை உள்ளடக்கிய வெர்சாய் உடன்படிக்கையை நிராகரித்தது.

தெற்காசியாவிலும் உதாரணம் உண்டு. 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங் டாக்காவுக்குப் போனபோது தீஸ்தா நதிநீர்ப் பங்கீடு கையெழுத்தாகும் என்று எதிர்பார்ப்பு இருந்தது. மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி எதிர்த்துப் பயணத்திலிருந்தே விலகினார், ஒப்பந்தம் நின்றுபோனது. அதே இரு நாடுகள் 1974-ல் போட்ட எல்லை உடன்பாட்டை நிறைவேற்ற இந்தியா அரசியல் சட்டத்தைத் திருத்தியது 2015-ல். கையெழுத்துக்கும் நடைமுறைக்கும் நடுவே 41 ஆண்டுகள்.

எதிர்ப்பைச் சுற்றிப்போகச் சிலர் நேரடியாக மக்களிடம் போவார்கள். பீகிள் கால்வாய்த் தகராறில் 1978-ல் சிலியும் அர்ஜென்டினாவும் போரின் விளிம்பில் நின்றன. 1984-ல் அர்ஜென்டினாவின் புதிய ஜனநாயக அதிபர் அல்ஃபோன்சின், உடன்படிக்கையைப் பொதுவாக்கெடுப்புக்கு விட்டுப் பெரும் ஆதரவு பெற்றார். அதற்குப் பிறகு செனட்டால் தட்ட முடியவில்லை.

விதித்த தடையை எடுப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

விதிக்கும்போது கைதட்டல் கிடைக்கும், நீக்கும்போது "எதிரியிடம் பணிந்துவிட்டார்" என்ற ஏச்சுதான் கிடைக்கும். கியூபா மீதான அமெரிக்கத் தடை 1962 முதல் இருக்கிறது. 1992 முதல் ஐ.நா. பொதுச்சபை அதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றிவருகிறது. 1996 பிப்ரவரியில் கியூபா, நாடு கடந்தவர்களின் குழு ஒன்றின் இரு சிறு விமானங்களைச் சுட்டு வீழ்த்தியது. அது அமெரிக்காவில் தேர்தல் ஆண்டு, புளோரிடாவில் கியூப வம்சாவளியினரின் வாக்கு கனமானது. அடுத்த மாதமே கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் தடையை நாடாளுமன்றத்தின் பூட்டுக்குள் வைத்தது. அதனால்தான் பின்னால் ஒபாமாவால் தூதரகத்தைத் திறக்க முடிந்தது, தடையை நீக்க முடியவில்லை.

ஈரான் விஷயத்தில் இதன் மறுபக்கம் தெரியும். எண்ணெய்த் தடையிலும் வங்கித் தடையிலும் திணறிய மக்கள் 2013-ல், பேசித் தீர்க்கிறேன் என்ற ரூஹானியைத் தேர்ந்தெடுத்தார்கள். 2015 ஜூலையில் அணுசக்தி உடன்பாடு வந்தது. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காது என்பதால் ஒபாமா அதை உடன்படிக்கையாகக் கொண்டுபோகவில்லை. 2018 மே மாதம் டிரம்ப் ஒரு கையெழுத்தில் வெளியேறினார். "அமெரிக்காவை நம்பினோமே" என்ற அவப்பெயர் ரூஹானி தரப்புக்கு ஒட்டிக்கொண்டது, கடும்போக்காளர்கள் பலம் பெற்றார்கள். விட்டுக்கொடுத்தால் தடை போகும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்?

தடை விதிக்கும் நாட்டுக்கு வலிக்காதா?

வலிக்கும், அந்த வலிக்கும் வாக்கு உண்டு. ஆப்கானிஸ்தான் ஆக்கிரமிப்புக்குப் பதிலடியாக 1980 ஜனவரியில் கார்ட்டர் சோவியத் யூனியனுக்கு தானிய விற்பனையை நிறுத்தினார். அர்ஜென்டினா உள்ளே புகுந்து விற்றது. அமெரிக்க விவசாயிகள் கொதித்தார்கள். 1981 ஏப்ரலில் தடையை நீக்கியவர், சோவியத்தை யாரையும்விடக் கடுமையாகப் பேசிய ரீகன்!

எனக்குப் பிடித்த உதாரணம் 1998. இந்தியாவும் பாகிஸ்தானும் மே மாதம் அணுகுண்டு சோதித்ததும் அமெரிக்கச் சட்டப்படி தடைகள் தாமாகவே அமலுக்கு வந்தன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கோதுமைக்குப் பாகிஸ்தான் பெரிய வாடிக்கையாளர். ஜூலை நடுவிலேயே உணவுப் பொருளுக்கு விலக்கு தரும் சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டுவிட்டார், அடுத்த கோதுமை டெண்டருக்குள். தடைச் செய்தி எது வந்தாலும் விலக்குப் பட்டியலைத் தேடிப் படியுங்கள். விதித்த நாட்டின் அரசியல் அதில்தான் இருக்கும்.

2020-ல் ஆஸ்திரேலியா கொரோனாவின் தோற்றம் குறித்து விசாரணை கேட்டதும் சீனா பார்லி மீது 80.5 சதவீத வரி போட்டது. ஒயின், நிலக்கரி என்று பட்டியல் நீண்டது. தன் எஃகு ஆலைகளுக்குத் தேவையான இரும்புத் தாதுவை மட்டும் தொடவில்லை.

2022-க்குப் பிறகு ரஷ்யா ஏன் விழவில்லை?

உக்ரைன் மீது படையெடுத்ததற்காக ரஷ்யாவின் சுமார் 30,000 கோடி டாலர் மத்திய வங்கி இருப்பு முடக்கப்பட்டது சாதாரண அடி இல்லை. வட்டியை 20 சதவீதமாக ஏற்றி, பணம் வெளியே ஓடாமல் கட்டுப்படுத்தி, ரஷ்ய மத்திய வங்கி அந்த அதிர்ச்சியைத் தாங்கியது. எண்ணெய், தள்ளுபடி விலையில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போனது. ராணுவச் செலவு உள்நாட்டில் வேலையையும் கூலியையும் கூட்டியது. இங்கேயும் விதித்தவர்களின் உள்நாட்டு அரசியலைக் கவனியுங்கள். ரஷ்ய எண்ணெய் சந்தையிலிருந்து காணாமல் போனால் தங்கள் ஊர் பெட்ரோல் விலை எகிறும் என்று மேற்கு நாட்டு அரசுகள் பயந்தன. அதனால் டிசம்பர் 2022-ல் பீப்பாய்க்கு 60 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். எண்ணெயும் ஓட வேண்டும், வருமானமும் குறைய வேண்டும். அந்த இரட்டை ஆசைக்குள் நுழைந்து போக ரஷ்யா பழைய கப்பல்களைத் திரட்டிக்கொண்டது.

வணிக உறவு நெருக்கமானால் போர் வராதா?

1914-ல் ஜெர்மனியும் பிரிட்டனும் ஒன்றுக்கொன்று முக்கியமான வாடிக்கையாளர்கள். வந்தது. ஆனால் 1951-ல் பிரான்ஸும் ஜெர்மனியும் நிலக்கரி, எஃகுத் தொழில்களைப் பொது அமைப்பின்கீழ் கொண்டுவந்தது நிலைத்தது, ஏனென்றால் அங்கே சரக்கு மட்டும் அல்ல, அதிகாரமும் பகிரப்பட்டது. 2021-ல் தன் இறக்குமதி எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிடம் வாங்கிய ஜெர்மனி அந்த வித்தியாசத்தைத் தாமதமாகத்தான் பார்த்தது.

சின்ன நாடு பெரிய நாட்டைப் பணியவைக்க முடியுமா?

ஐஸ்லாந்து மூன்று முறை செய்தது. மீன்பிடி எல்லையைப் படிப்படியாக நீட்டிக்கொண்டே போய், 1975-ல் 200 கடல் மைல் என்று அறிவித்தது. அப்போது அதன் மக்கள்தொகை இரண்டேகால் லட்சத்தைத் தாண்டவில்லை. பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. ஐஸ்லாந்தின் காவல் படகுகள் பிரிட்டிஷ் இழுவலைகளை அறுத்துவிட்டன, கப்பல்கள் மோதிக்கொண்டன. 1976 பிப்ரவரியில் ஐஸ்லாந்து தூதரக உறவையே முறித்தது. நேட்டோவுக்கு அங்கிருந்த கெஃப்லாவிக் தளம் சோவியத் நீர்மூழ்கிகளைக் கண்காணிக்க இன்றியமையாதது, அதை மூடிவிடுவோம் என்ற பேச்சு எழுந்ததும் மற்ற கூட்டாளிகள் லண்டனை நெருக்கினார்கள். ஜூன் மாதம் பிரிட்டன் ஒத்துக்கொண்டது.

ஐஸ்லாந்தின் தலைநகர் ரேக்யவிக்கில் எந்தக் கட்சியும் மீன் விஷயத்தில் இறங்கிப்போய்ப் பிழைக்க முடியாது. ஏற்றுமதி வருமானத்தின் பெரும்பகுதி அதுதான். லண்டனுக்கோ அது ஹல், கிரிம்ஸ்பி போன்ற சில துறைமுக ஊர்களின் பிரச்சினை. அந்த ஊர்களின் தொலைகடல் மீன்பிடித் தொழில் அதோடு சரிந்தது. வேலை இழந்த மீனவர்களுக்கு பிரிட்டிஷ் அரசு இழப்பீட்டுத் திட்டம் அறிவித்தது 2000-ல்.